கப்பலேறும் மணலும் காசுக்கு வாங்கும் தண்ணீரும்

அற்புதங்களை நம்பும் பழக்கம் நம்மவரை விட்டு எளிதிற் போவதாயில்லை. முன்னர் தீர்த்தத்திலும் திருநீற்றிலும் தேடிய அற்புதத்தை இப்பொழுது பத்திரிகைகளின் விஞ்ஞானப் பக்கத்திலே தேடுகின்றனர். வெயில் பட்டதும் தண்ணீரைத் தூய்மையாக்கும் பொடி, ஒளி பட்டதும் சீழ்ப்புண்ணை ஆற்றும் நனோத் துணிக்கை என்று அடிக்கடி ஒரு தலைப்பு வருகின்றது. நாமும் வெட்டியெடுத்து வகுப்பறைச் சுவரில் ஒட்டுகின்றோம். அச்சுவருக்கு வெளியே கிணறு இருக்கின்றது. அக்கிணற்று நீரைக் குடிக்க அஞ்சி, பிள்ளைகள் வீட்டிலிருந்து போத்தலிற் கொண்டுவருகின்றனர். வீட்டிலும் அது காசு கொடுத்து வாங்கிய நீர்தான்.

விஞ்ஞானத்தோடு எனக்குப் பகையில்லை. அதைச் சொல்லும் முறையோடுதான் பகை. அப்பொடி இன்னும் வந்துசேராத காரணத்தினாலேதான் வன்னியின் தண்ணீர் கெட்டுக்கிடக்கின்றது என்பதுபோலும், வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோலும் எழுதுகிறார்கள். இது பச்சைப் பொய். அப்பொடியின் தாய்மண் நமது வாசலிலேயே கிடக்கின்றது. அது நம்மிடம் வரவேண்டியதில்லை, நம்மிடமிருந்து போய்க்கொண்டிருக்கின்றது.

கொக்கிளாய்க் கடனீரேரியின் தெற்கே புல்மோட்டை. அங்கிருந்து வடக்கே கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் வரை கரையோரத்தில் கருமணல் படிந்துள்ளது. வாடைக்காலத்துக் கடல் அதைக் கொணர்ந்து குவிக்கின்றது. காந்தத்தை அருகிற் பிடித்தால் துள்ளி ஒட்டிக்கொள்ளும் அம்மணலின் பெரும்பகுதி இல்மனைற்று. இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனியம். அதனோடு உரூத்தைலும் சேர்க்கோனும் உண்டு. இந்த இல்மனைற்றில் ஏறத்தாழ அரைப்பங்கு தைத்தேனியம் ஈரொட்சைட்டு. பத்திரிகைகள் போற்றும் பொடி அதுவே.

1957ஆம் ஆண்டின் அரச கைத்தொழிற் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ் கனியமணற் கூட்டுத்தாபனம் அமைந்தது. சோசலிசத்தின் பேரைச் சொல்லி அமைந்த கூட்டுத்தாபனம். எனினும் அது செய்த தொழில் மணலை அள்ளுதல், கழுவுதல், காந்தத்தாற் பிரித்தல், கப்பலேற்றுதல் என்ற நான்கோடு நின்றது. பின்னர் 1992இல் அது கம்பனியாயிற்று, தொழில் மாறவில்லை. 1997 செப்ரெம்பரில் போரின் நடுவே புல்மோட்டைக் கடலில் தாக்கப்பட்ட 'கோர்டியாலிற்றி' என்ற கப்பல்கூட இந்த மணலை ஏற்றத்தான் நின்றது. யுத்தம் நடந்தபோதும் மணல் போயிற்று. யுத்தம் முடிந்தபின்னும் போகின்றது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு தொன் இல்மனைற்று உலகச் சந்தையிற் சில நூறு டொலர். அதிலிருந்து பெறும் வெண்பொடி ஒரு தொன் ஈராயிரம் டொலருக்கு மேல். ஒரு தொன் பொடிக்கு இரண்டு தொன் மணல் வேண்டுமென்று வைத்துக்கொண்டாலும், இடையில் நிற்கும் வேறுபாட்டைக் கணக்கிட ஏழாம் வகுப்புக் கணிதம் போதும். நனோ அளவிற்கு நுணுக்கினால் விலை இன்னும் பன்மடங்கு. நாம் விற்ற மணலைச் சுவர்ப்பூச்சாகவும் பற்பசையாகவும் வெயிற்பூச்சாகவும் திரும்ப வாங்குகின்றோம். பருத்தியை அனுப்பித் துணியை வாங்கிய அடிமைநாட்டுக் கதையை வரலாற்றுப் பாடத்திற் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனை எந்தப் பாடத்திற் கற்பிக்கிறார்கள்?

இனி அப்பொடி செய்வதென்ன என்று பார்க்கவேண்டும். தெரியாமற் புகழ்வது போலவே தெரியாமல் இகழ்வதும் மடமை.

1972இல் யப்பானியரான அக்கிரா பூஜிஷிமா, கெனிச்சி ஹொண்டா என்னும் இருவர் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தைத்தேனியம் ஈரொட்சைட்டால் ஆன மின்வாயில் ஒளி விழும்போது நீர் பிரிந்து ஐதரசனும் ஒட்சிசனும் வெளிவருவதை அது காட்டிற்று. 1985இல் வேறு யப்பானிய ஆய்வாளர், இதே பொருளின் மீது ஒளி படும்போது அருகிலிருக்கும் நுண்ணுயிர்கள் மடிவதைக் காட்டினர். காரணம் இதுதான்: ஒளி பட்டதும் பொடியினுள் ஓர் இலத்திரன் தன் இடத்தை விட்டுத் துள்ளி எழுகின்றது. அது விட்ட வெற்றிடம் அருகிலுள்ள நீர் மூலக்கூறிலிருந்து இலத்திரனைப் பறிக்கின்றது. பறிகொடுத்த நீர் ஐதரொட்சில் மூலிகமாகின்றது. (மூலிகம் என்றதும் மூலிகை என்று எண்ணி மகிழ்ந்த ஒரு மாணவனை நான் அறிவேன். கலைச்சொல் ஆக்கியவர்கள் அவனை நினைத்துப் பார்த்திருக்கலாம்.) கணப்பொழுதே வாழும் இம்மூலிகம், கண்ணிற்பட்ட சேதனப் பொருள் எதையும் கிழித்துவிடும். பற்றீரியாவின் மென்சவ்வும் கிழியும். பூச்சிகொல்லியின் மூலக்கூறும் கிழியும். எச்சம் பெரும்பாலும் காபனீரொட்சைட்டும் நீரும். துணிக்கை சிறிதாகச் சிறிதாக மேற்பரப்புப் பெருகுகின்றது. இருபது நனோமீற்றர் அளவிலான பொடி ஒரு கிராமிற்கு ஏறத்தாழ 50 சதுர மீற்றர் மேற்பரப்பு. நமது வகுப்பறை ஒன்றின் தரை ஒரு சிட்டிகைக்குள் அடங்கிவிடுகின்றது.

இது உண்மை, வியக்கத்தக்க உண்மை. சூரியன் இலவசம் என்பதும் உண்மை. ஸ்பெயின் தேசத்து அல்மெரியாவில் வெயிலைக்கொண்டு பூச்சிகொல்லி கலந்த நீரைச் சுத்திசெய்யும் ஆய்வுகள் பல்லாண்டாக நடக்கின்றன. அல்மெரியாவின் வெயிலுக்கு மாங்குளத்தின் வெயில் தாழ்ந்ததன்று.

ஆனால் அற்புதப் பக்கங்கள் சொல்லாது விடுவன சில உள. இப்பொடிக்கு வேண்டியது கழியூதாக் கதிர். சூரிய ஒளியில் அது நூற்றில் ஐந்து பங்களவே. மற்றைய ஒளியையும் பயன்கொள்ள நைதரசனும் வெள்ளியும் பிறவும் கலந்து பார்க்கின்றனர். ஆய்வுகூடத்திற் கிட்டும் பயன் கிணற்றடியிற் கிட்டுவதில்லை. கலங்கல் நீரில் ஒளி உட்செல்லாது. பொடியை நீரிற் கலந்தால் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஆகவே கண்ணாடியிலோ ஓட்டிலோ ஒட்டிவைத்தாக வேண்டும். ஒட்டிவைத்தால் வேகம் குறையும். அத்துடன் இதன் தூசு சுவாசத்திற் செல்வது புற்றுநோய்க்கு ஏதுவாகலாமென்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2006இல் வகைப்படுத்தியது. உணவிற் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடைசெய்தது.

எல்லாவற்றிலும் பெரியது இன்னொன்று. வன்னித் தண்ணீரின் நோய் எது? கிணற்றிற் கிருமி உண்டு. வெள்ளம் வடிந்த கிழமைகளில் மலக்கிருமி நிறையவே உண்டு. அதற்கு இப்பொடி உதவக்கூடும். ஆனால் வவுனியாவின் பாறை நிலத்துக் கிணறுகளில் மக்களை வாட்டுவது புளோரைட்டும் கடினத்தன்மையும். கேத்தில் அடியிற் படியும் கல்லை எந்த ஒளியும் எரிக்காது. கல்சியமும் புளோரைட்டும் கிழிந்துபோகும் சேதனப் பொருள்கள் அல்ல. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளையும் தொட்டுநிற்கும் சிறுநீரக நோய்க்கு இன்னதுதான் காரணமென்று ஐயமற நிறுவப்படவில்லை. காரணமே நிறுவப்படாத நோய்க்குப் பொடி ஒன்றைக் காட்டி நம்பிக்கை விற்பவனை விஞ்ஞானி என்று அழைக்க நான் ஆயத்தமில்லை.

உவரையும் புளோரைட்டையும் நீக்குவதற்கு இப்பொழுது ஊர்தோறும் மென்சவ்வுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துள்ளன. திறப்பு விழா நடக்கும், நாடா வெட்டுவர், கொடையாளியின் பெயர் கல்லிற் பொறித்திருக்கும். மென்சவ்வு பழுதானால் மாற்றுவது யார் என்பது மட்டும் எந்தக் கல்லிலும் பொறித்திராது. நான் அறிந்த ஒரு பாடசாலையில் பெயர்ப்பலகை புத்தம்புதிதாய் நிற்கின்றது. குழாய் காய்ந்து இரண்டு வருடம். நாளை ஒளிப்பொடி வந்தாலும் அதற்கும் ஒரு கல் நாட்டுவார்கள்.

தண்ணீர் வடபுலத்தில் என்றுமே வெறும் இரசாயனப் பொருளாக இருந்ததில்லை. சாதியின் பேரால் கிணற்றடி மறுக்கப்பட்டு, மேற்சாதியான் வாளி ஊற்றும்வரை வெயிலிற் காத்துநின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நமது வகுப்புகளில் இருக்கின்றனர். 1966 ஒக்ரோபர் 21இல் எழுந்த எழுச்சியின் பின்னணியில் கோயிற் கதவும் தேநீர்க்கடைக் குவளையும் மட்டுமல்ல, கிணறும் இருந்தது. பின்னர் போர். 2008இன் கடைசியிற் கிளிநொச்சி நகரின் தண்ணீர்த் தாங்கி தகர்ந்து விழுந்தது. விழுந்த தாங்கியை நிமிர்த்துவதற்கு முன்பே, அதைச் சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் காட்சிப்பொருளாக்கினார்கள். 2009இற் செட்டிகுளத்து முகாம்களில் மூன்று இலட்சத்தை அண்மிய மக்கள் முட்கம்பிக்குள் அடைபட்டு வாளி நீருக்கு வரிசையில் நின்றனர். அந்த வரிசையில் ஒரு பொடியும் குறைவாயிருக்கவில்லை, குறைவாயிருந்தது உரிமை.

புண்ணின் கதையும் இவ்வாறானதே.

ஒளியாற் கிருமியைக் கொல்லும் எண்ணம் நனோவுக்கு முற்பட்டது. 1900இல் மியூனிச்சில் ஒஸ்கார் ராப் என்ற மாணவர், சாயம் கலந்த நீரில் வாழ்ந்த நுண்ணுயிர் ஒளி பட்டதும் மடிவதைக் கண்டார். தோற்காசத்தை ஒளியால் ஆற்றிய டென்மார்க்கு வைத்தியர் நீல்ஸ் ஃபின்சன் 1903இல் நோபல் பரிசு பெற்றார். பின்னர் பென்சிலின் வந்தது, ஒளி மறக்கப்பட்டது. நுண்ணுயிர்கொல்லிகளுக்குக் கிருமிகள் பழகிவிட்ட இந்நாளில் ஒளியை மீண்டும் தேடுகின்றனர். 2019ஆம் ஆண்டில் மாத்திரம் மருந்துக்கு மசியாத கிருமிகளால் நேரே நேர்ந்த மரணங்கள் உலகெங்கும் 12 இலட்சத்து 70 ஆயிரம் என மதிப்பிட்டுள்ளனர். ஒளி எழுப்பும் மூலிகம் கிருமியை ஒரே இடத்திற் குத்துவதில்லை. பல இடங்களிற் கிழிக்கின்றது. ஆகையால் கிருமி அதற்குப் பழகுதல் கடினம். கனடாவின் வான்கூவரில் சத்திரசிகிச்சைக்கு முன் நோயாளரின் மூக்கினுள் மெதிலீன் நீலம் பூசிச் செவ்வொளி பாய்ச்சிக் கிருமி கொல்வது நடைமுறைக்கு வந்துள்ளது. காயத்திற்கான நனோக் கட்டுத்துணிகளோ பெரும்பாலும் இன்னும் ஆய்வுகூடத்திலேயே உள்ளன. ஒளி தசையில் ஆழச் செல்லாது; கிருமியைக் கிழிப்பது நல்ல கலத்தையும் கிழிக்கலாம். இவற்றைத் தீர்க்க உழைப்பவர்களை வணங்கலாம். சலரோகத்தால் ஆறாத காற்புண்ணோடு வயலுக்கு இறங்கும் கமக்காரனுக்கு அவர்கள் உழைப்பு ஒருநாள் பயன்படும். உடலிற் செல்துண்டோடு நடமாடுவோர்க்கும் பயன்படக்கூடும்.

ஆனால் புண்ணைப் பற்றி வன்னியிலே பேசுவோர் 2009ஐத் தாண்டிச் செல்லமுடியாது. அவ்வாண்டு பெப்ரவரித் தொடக்கத்திற் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைக்கு இலக்காகி, நோயாளர் புதுமாத்தளனுக்கும், பின்னர் முள்ளிவாய்க்காலுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். உணவும் மருந்தும், சிறப்பாகச் சத்திரசிகிச்சைக்கு வேண்டிய பொருள்களும், அரசாங்கத்தால் மறுக்கப்பட்டன என ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் எழுதிற்று. மக்களைத் தடுத்துவைத்துக் கேடயமாக்கியதென அதே அறிக்கை புலிகளையும் குற்றஞ்சாட்டிற்று; அதையும் மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. நான் சொல்ல வந்தது வேறு. அன்று மக்களைக் கொன்ற சீழ், விஞ்ஞானம் அறியாத சீழன்று. பஞ்சும் தொற்றுநீக்கியும் மயக்கமருந்தும் நூறாண்டுக்கு மேலாக உலகம் அறிந்தவை. அவை வைத்தியசாலையை வந்தடையாமற் செய்தது மனிதர் எடுத்த முடிவு.

இவ்விடத்தில் இரு திசையிலிருந்தும் எதிர்வாதம் வரும் என்று அறிவேன்.

ஒரு சாரார், 'அப்படியாயின் புல்மோட்டையில் நாளைக்கே தைத்தேனிய ஆலை கட்டுவோம். மூலப்பொருளை விற்காமல் முடிபொருளை விற்போம்' என்பர். நமது தோழர்களிற் பலர்க்கும் இது இனிக்கும். அவர்கள் திருவனந்தபுரத்திற்குச் சென்று பார்க்கட்டும். திருவிதாங்கூர்த் தைத்தேனிய ஆலை 1946இல் அமைக்கப்பட்டது, பின்னர் அரசுடைமை. மணலைக் கந்தக அமிலத்திற் கரைத்தே வெண்பொடி எடுக்கின்றனர்; கரைத்தபின் எஞ்சிய அமிலக் கழிவு பல்லாண்டுகளாக வேளிக் கடற்கரைக்குச் சென்றது. தமிழ்நாட்டிலோ, கரையோரக் கனியமணல் அகழ்வின் கொள்ளை பொறுக்கமுடியாத அளவிற்குப் போனபின், 2013இல் அரசாங்கம் அகழ்வையே தடைசெய்யவேண்டி வந்தது. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் மக்கள் 1984இல் ஒருமுறை ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள். கால் நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்தவர்களின் காணியையும் கரைவலைப் பாட்டையும் மணலின் பேரால் இன்னொருமுறை பறிப்பது முன்னேற்றமென்றால், அம்முன்னேற்றத்தை நான் எதிர்க்கிறேன். அள்ளுவதா வேண்டாமா, எவ்வளவு அள்ளுவது, கழிவை எங்கே விடுவது என்பவற்றைக் கரையில் வாழ்பவன் முடிவுசெய்யாத இடத்தில், ஆலை அரசினதா தனியாரதா என்ற கேள்வி இரண்டாவது கேள்வியே.

மற்றொரு சாரார், 'இந்த நனோவும் கினோவும் வெள்ளைக்காரன் வியாபாரம்; குளமும் கிணறும் தேற்றாங்கொட்டையும் நமக்குப் போதும்' என்பர். பழமையைப் பாடுவது சுகமானது. தேற்றாங்கொட்டை கலங்கலைத் தெளிவிக்கும். கிருமி முழுவதையும் போக்காது. தெளிந்த நீரே தூய நீரென்று நம்பியதனால் நம் ஊர்களில் இறந்த குழந்தைகளுக்குக் கணக்கில்லை. வெயிலைக்கொண்டு நீரைச் சுத்திசெய்யும் மிக எளிய வழியொன்றை 1980ஆம் ஆண்டளவிற் பெய்ரூத்தில் அஃப்ரிம் அக்ரா என்ற பேராசிரியர் ஆராய்ந்து சொன்னார். தெளிந்த நீரை நிறமற்ற போத்தலில் நிரப்பி ஆறு மணித்தியாலம் கடும் வெயிலில் வைத்தாற் பெரும்பாலான கிருமிகள் மடியும். பொடி வேண்டாம், கம்பனி வேண்டாம். இதைப் பாடசாலைகளிற் சொல்லிக்கொடுத்தவர் எத்தனை பேர்? விற்பதற்கு எதுவுமில்லாத விஞ்ஞானம் பத்திரிகையின் விஞ்ஞானப் பக்கத்திற்கு வருவதில்லை.

(உவரும் புளோரைட்டும் இதனாற் போகா என்பதையும் கூடவே சொல்லிக்கொடுக்க வேண்டும். அரைகுறையாய்ச் சொல்வதில் நாமும் அப்பத்திரிகைகளுக்கு இளைத்தவர்கள் அல்லர்.)

ஆற்றல் நம்மிடம் இல்லையென்ற பேச்சை நான் ஏற்கேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பௌதிகத் துறை இதே தைத்தேனியம் ஈரொட்சைட்டைக்கொண்டு சூரியக் கலங்களை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து வருகின்றது. கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியற் பீடமும் தொழில்நுட்பப் பீடமும் உள்ளன. 2021இல் வவுனியாவில் தனிப் பல்கலைக்கழகமே எழுந்துள்ளது. ஹோமாகமவிலுள்ள நனோத் தொழில்நுட்ப நிறுவகம் 2008இல் நிறுவப்பட்டது. இல்மனைற்றிலிருந்து வெண்பொடி எடுக்கும் முறைபற்றி இந்நாட்டு ஆய்வாளரே கட்டுரைகள் எழுதியுள்ளனர். ஆங்கிலத்தில் எழுதினர்; வெளிநாட்டு இதழ்கள் வெளியிட்டன; பதவியுயர்வு கிடைத்தது. கொக்கிளாய்க் கரையில் நிற்பவன் அவற்றில் ஒரு வரியும் அறியான். மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிசன் வைத்தியர் 1864 முதல் மேலைத்தேச மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இரண அறுவையையும் இரசாயனத்தையும் நூல்களாகத் தமிழிற் கொணர்ந்தார். மதம் பரப்ப வந்தவருக்கு இயன்றது மக்கள் பணத்திற் படித்த நமது பேராசிரியர்களுக்கு ஏன் இயலாமற் போயிற்று?

நம் எழுத்தாளர்களையும் விட்டுவைப்பதற்கில்லை. முற்போக்கு இலக்கியம் என்ற பேரில் உழவனின் வியர்வையைப் பாடினோம். அவன் குடிக்கும் தண்ணீரின் புளோரைட்டு அளவு என்னவென்று கேட்கவில்லை. கவிதைக்கு அது ஒவ்வாதாம்! சிறுநீரகம் பழுதாகி வாரத்தில் இருமுறை குருதி சுத்திகரிக்கப் பேருந்தில் ஏறும் கமக்காரன் கவிதைக்கு ஒவ்வாதவன் என்றால், அக்கவிதை யாருக்கு ஒவ்வும்?

கேட்கவேண்டியவை பெரியவையல்ல. மணல் விற்ற பணத்தில் ஒரு பங்கு, மணல் எடுக்கும் மாவட்டங்களின் குடிநீருக்கென்று சட்டத்தால் ஒதுக்கப்படவேண்டும், நன்கொடையாகவன்று, உரிமையாக. வன்னியின் பல்கலைக்கழகங்கள் ஒட்டிவைத்த ஒளிப்பொடியை வன்னி வெயிலில், வன்னிக் கிணற்று நீரில், வயலோரத்துப் பூச்சிகொல்லி கலந்த நீரிலும் சோதித்து, பலித்தாலும் பலியாவிட்டாலும் முடிவைத் தமிழில் வெளியிடவேண்டும். சிங்களத்திலும் வெளியிடவேண்டும், பதவியாவின் கமக்காரனுக்கும் இதே சிறுநீரக நோய்தான்.

மற்றது நாமே தொடங்கக்கூடியது. ஒவ்வொரு பாடசாலைக் கிணற்றின் நீரையும் ஆண்டுக்கு இருமுறை, மாரிக்கு முன்னொன்று பின்னொன்றாக, சோதித்துத் தருமாறு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் நீர்வழங்கற் சபையிடமும் எழுத்தில் கேட்கவேண்டும். ஆசிரியர் சங்கங்கள் சம்பளத்திற்காக எழுதும் கடிதங்களோடு இதற்கும் ஒரு கடிதம் எழுதட்டும். வரும் அறிக்கையை அதிபரின் அலுமாரியிற் பூட்டாமல் வாசற் பலகையில் ஒட்டவேண்டும். புளோரைட்டுக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், இலங்கை வைத்த எல்லை 1.0. இவ்விரண்டு எண்களையும் அறிக்கையின் பக்கத்திலேயே சிவப்பு மையால் எழுதிவிடுங்கள். பிறகு எட்டாம் வகுப்புப் பிள்ளை வந்து, 'எங்கட கிணறு இதிலும் கூடவா, சேர்?' என்று கேட்கும்.